அஞ்சாம் நம்பர் ஜெர்சிக்குள்ள இருந்தவன்

ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை. மேட்ச் முடிஞ்சது சாயங்காலம் அஞ்சு பத்துக்கு. அஞ்சு நாற்பதுக்கு நம்ம ரசிகர் குரூப்பில் இருநூற்றுப் பதினேழு மெசேஜ். அதில் நூற்று எண்பத்தொன்பது ஒரே ஆளைப் பத்தி. நான் எண்ணினேன். அன்னைக்கு நடந்ததைக் கதை மாதிரியே சொல்றேன். மைக்கைப் பிடிச்சு அறிவுரையா சொன்னா, இங்க உக்காந்திருக்கிற நீங்க போனை எடுத்துருவீங்க.

மாவட்டக் கல்லூரிகள் ஃபுட்பால் அரையிறுதி. முதல் பாதியில் நாம ஒண்ணு, அவங்க சைபர். கடைசியில்? ஒண்ணுக்கு மூணு. வாங்கின மூணில் ரெண்டு யாரால? அஞ்சாம் நம்பரால. ஒரு பெனால்டி கொடுத்தான்... இன்னொண்ணைத் தலையால முட்டி நம்ம வலைக்குள்ளயே போட்டான். அஞ்சாம் நம்பர் யாரு? ஷிஜின். மூணாம் வருஷம். டிஃபென்ஸ்ல நடுவுல நிக்கிறவன்.

குரூப்பில் என்ன பேச்சு?

‘மக்கா, அவன் காலுல சிமென்ட் ஊத்தி வச்சிருக்கான்.’

‘அவனுக்குப் பதிலா கார்னர் கொடியை நட்டு வச்சிருக்கலாம்லே.’

சிரிக்கிறீங்க பாருங்க. அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சோம்.

நான் சும்மா இருந்தேனா? நான் இதே காலேஜ்ல படிச்சிட்டு, இப்ப வால்வு கம்பெனியில் தரச் சோதனை பண்ற என்ஜினியர். மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு பிசகினாலும் பீஸை ஓரமா தூக்கி வைக்கிறவன். அதனால திட்டல, டேபிள் போட்டேன். தப்பான பாஸ் பதினொண்ணு. பந்தை இழந்தது ஒன்பது தடவை. மதிப்பெண் பத்துக்கு ரெண்டு. கீழே ஒரு வரி: ‘இவன் இல்லாம பத்துப் பேரா ஆடினாலே ஜெயிச்சிருக்கலாம்.’ அதை யாரோ இன்ஸ்டாகிராமில் ஏத்த, ஊர் பூரா சுத்துச்சு.

முந்தாநாள் வியாழக்கிழமை பி.டி. சார் போன் பண்ணார். ‘தம்பி, ஷிஜினைப் பல்கலைக்கழக டீம் கேம்ப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஆறு வருஷத்துல நம்ம காலேஜ்ல இருந்து முதல் ஆள். போகமாட்டேங்கிறான். திங்கட்கிழமை நாலு மணிக்குள்ள ஃபார்ம் போகணும். நீ எடுத்த வீடியோவுல அவன் நல்லா ஆடினதை வெட்டி அனுப்பு. காட்டிப் பார்க்கிறேன்.’

வீடியோவைத் திறந்தேன். ரெண்டாவது பாதி. அறுபத்திரண்டாவது நிமிஷம். அஞ்சாம் நம்பர் பந்தைத் தூக்கி அடிக்கிறான்... இடது காலால. ஷிஜின் வலது காலால அடிக்கிறவன். நிறுத்தினேன். பெரிசு பண்ணினேன். அந்த முகம்... ஷிஜின் இல்ல.

ஸ்கிரீன் ஓரத்துல பார்க்கிறேன். கோட்டுக்கு வெளியே, முட்டியில ஐஸ் கட்டிக்கிட்டு, வேற பனியன் போட்ட ஒருத்தன் தண்ணி பாட்டிலோட நிக்கிறான். அவன்தான் ஷிஜின்.

எப்படி? நம்ம டீம்ல பதினெட்டு பேர். ஜெர்சி பதினாலு. மாத்து ஆளா இறங்குறவன், வெளியே வர்றவனோட ஜெர்சியை வாங்கிப் போட்டுக்கிட்டு இறங்குவான். நம்மள மாதிரி சின்னக் காலேஜ்ல இதான் வழக்கம், ரெஃப்ரீயும் கேட்க மாட்டார். நமக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். இடைவேளையில ஆளை மாத்தினாங்க. நாம அப்ப எங்க இருந்தோம்? ரோட்டுக்கு அந்தப்பக்கம், பழபஜ்ஜிக் கடையில. திரும்பி வந்து, வெயிலுக்கு எதிர்ல, எழுபது மீட்டர் தள்ளி நின்னு முதுகு நம்பரை மட்டும் பார்த்தோம்.

நேத்து காலேஜ் வாசல்ல பஸ்ஸுக்கு நின்ன ஷிஜினைப் பிடிச்சேன்.

‘லேய், அது நான் இல்லேன்னு ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?’

‘போட்டிருந்தா, அப்போ யாருன்னு கேப்பீங்கள்லா அண்ணே. அவனுக்கு அதுதான் முதல் மேட்சு.’

‘அதுக்காக கேம்ப்பை விடுவியா?’

‘நான் விடலண்ணே. உங்க டேபிளை மீன் ஏலக்கூடத்துல வச்சு அப்பாகிட்ட ஒருத்தன் வாசிச்சுக் காட்டிட்டான். ஒன் மொவன் இல்லேன்னா ஜெயிச்சிருப்பாங்களாமேன்னு. அப்பா இப்போ ஃபார்ம்ல கையெழுத்துப் போட மாட்டேங்காரு. அதை பி.டி. சார்ட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. எனக்கே போவ இஷ்டமில்லேன்னு சொல்லிட்டேன்.’

பஸ் வந்துச்சு, ஏறிப் போயிட்டான்.

உடனே பிரதீஷுக்குப் போன் போட்டேன். நம்ம குரூப் அட்மின், இதோ முன்வரிசையில இருக்கான். எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொன்னேன். சொல்லி முடிச்சதும் அவன் வாயில வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

‘அப்போ... அது யாரு மக்கா?’

வீடியோவைப் பார்த்தப்பக்கூட நான் இப்படி ஆடிப் போகல. ஏன்னா... அதே கேள்வி எனக்குள்ளயும் வந்துச்சு. இப்ப உங்கள்ல பாதிப் பேர் மனசுல ஓடுறதும் அதுதான். இல்லேன்னு சொல்லுங்க பார்ப்போம்.

சொல்ல மாட்டேன். தப்பான ஆளைத் திட்டிட்டோம்கிறது இல்ல விஷயம். சரியான ஆளைப் பிடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்போம்? முதல் மேட்ச் ஆடுற பையனோட அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டியிருப்போம். அவ்வளவுதான் வித்தியாசம். கார்னர்ல ஆள் பிடிக்கல, பின்னால இடைவெளி விட்டோம்னு பேசுங்க, அது விமர்சனம். காலையில கிளாஸ், சாயங்காலம் பிராக்டிஸ்னு ஓடுற ஒருத்தன் பேரைப் போட்டு, இவன் வேணுமா வேண்டாமான்னு தீர்ப்பு எழுதுறதுக்குப் பேர் வேற.

கை தட்டாதீங்க, நேரமில்ல. நான் செய்யப்போறது இதுதான்.

1. இந்த மைக்கை வச்சதும், அந்த டேபிள் தப்புன்னு, அது சுத்தின எல்லா இடத்துலயும் என் பேரோட போடுவேன். மாத்து ஆள் பேர் அதுல இருக்காது.

2. நாளைக்கு ஞாயிறு, ஷிஜின் ஊர்ல யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க. சர்ச்ல பூசை முடிஞ்சு எட்டரைக்கு ஷிஜின் வீட்டுக்குப் போறேன். அவன் அப்பாவுக்கு முதல் பாதியைக் காட்டுவேன். நாற்பத்தஞ்சு நிமிஷமும், வெட்டாம.

3. அந்த வரியை எழுதினது நான்தான்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். அடிச்சா வாங்கிக்குவேன்.

4. ஃபார்மை அவர் முன்னாடி வைப்பேன். கையெழுத்துப் போடுறதும் போடாததும் அவர் இஷ்டம். திங்கள் மத்தியானம் வரைக்கும் அவர் வாசலை விட்டு நகர மாட்டேன்.