டென்வர் நேரம்

ஐஸ் மூட்டை வாங்கிக் குளிக்கிறவனைப் பார்த்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும், மேடம். நம் அரிசோனா டூசான் வெயிலில் ஆறு மூட்டையைக் கொட்டினாலும் சட்டையைக் கழற்றுவதற்குள் பாதி கரைந்துவிடும். என் பக்கத்து வீட்டு கிரெய்க் வோலன் போன கோடை முழுக்க அதைத்தான் செய்தான். ஒஹாயோக் குளிர் தாங்காமல் இங்கே ஓடி வந்தவன், காசு கொடுத்துக் குளிரை வாங்கினான்.

நான் முப்பத்துநான்கு வருடம் ஃப்ரீசர் பழுது பார்த்தவன். அது தெரிந்துதான் ஒருநாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

“என்ன பெருசு, தண்ணியைக் குளிர வெக்க எதுதான் நல்லது?”

ஐஸை விட்டால் இரண்டே வழி என்றேன். தொட்டித் தண்ணீரை இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் சில்லர் ஒன்று. பெரிய பெட்டி ஃப்ரீசரையே தொட்டியாக்கி அதற்குள் இறங்குவது இன்னொன்று. அது மலிவு, ஆனால் இறங்கும் முன் ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கையால் பிடுங்கியாக வேண்டும், மறந்தால் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து ஆள் காலி. சில்லரையே வாங்கு என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

“அந்த விலைக்கு ஒரு பழைய வண்டியே வாங்கலாம். நீங்க சரியான பயந்தாங்கொள்ளி, பெருசு!”

சரி, ஃப்ரீசர்தான் என்று ஆனது. மூலை முடுக்கெல்லாம் பசை பூசி, மூன்று நாள் முட்டி போட்டு நான்தான் செய்து கொடுத்தேன். அதைக் காட்ட நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தான். எல்லாம் தன் கைவேலை என்றான். நான் காகிதத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

“உலகமே வசந்தத்துல கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளுது. இந்த அரிசோனாக்காரங்களுக்கு மட்டும் அதுக்குக்கூடச் சோம்பேறித்தனம். இல்ல பெருசு?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவனைப் போன்ற ஆளிடம் கோபப்படுவதே வீண்.

பிளக்கைப் பிடுங்கக் குனிவதற்கும் அவனுக்கு உடம்பு வணங்கவில்லை. போனிலிருந்து இயக்கும் டைமர் ஒன்றை வாங்கி மாட்டினான். காலை ஆறு முதல் ஏழுவரை மின்சாரம் நிற்கும்; ஆறேகாலுக்கு இவன் இறங்குவான். பெருமையாகப் போனை என் கையில் கொடுத்தான். ஊர் என்ற இடத்தில் டூசானுக்குப் பதில் டென்வர் என்று இருந்தது.

அது ஜனவரி. குளிர்காலத்தில் டென்வர் நேரமும் நம் நேரமும் ஒன்றுதான். மார்ச்சில் டென்வர் ஒரு மணி முன்னால் ஓடிவிடும், நாம் நிற்கிற இடத்திலேயே நிற்போம். நமக்கு ஆறு அடிக்கும்போது டைமருக்கு ஏழு. மின்சாரம் திரும்பி வந்துவிடும். இங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். “நல்லா இருக்கு” என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவு கெட்டிக்காரனுக்கு நான் என்ன பாடம் எடுப்பது?

பிப்ரவரியில் பாதுகாப்பு சாக்கெட் அடிக்கடி ட்ரிப் ஆகித் தண்ணீர் சூடாகிறது என்று புலம்பினான். அது ட்ரிப் ஆனால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதாரண சாக்கெட் போடச் சொன்னான், போட்டேன்.

மார்ச்சில் கடிகாரம் மாறும் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் அவன் மனைவி நடீன் ஒரு தட்டு தமாலே, அந்த மெக்சிகோ சோளமாவுக் கொழுக்கட்டை, கொண்டுவந்தாள். நான் தனியாள் என்று எதைச் சமைத்தாலும் எனக்கும் ஒரு பங்கு எடுத்துவைப்பவள். அவள் கைக்குப் பச்சை மிளகாய் எப்போதும் அளவாக இருக்கும்.

“முட்டி வலி உயிரை எடுக்குது, ஓரின். நானும் அதுல இறங்கிப் பாக்கலாமான்னு இருக்கேன். இவர் பேச்சை நம்ப முடியாது, நீங்க சொல்லுங்க. பயம் ஒண்ணும் இல்லையே?”

“டைமர் பாத்துக்கும், நடீன்” என்றேன். தமாலே சூடாக இருந்தது.

ஞாயிறு காலை காபியோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஆறேகாலுக்கு ஃப்ரீசர் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் நாலு அடியில் இருந்தது. யார் என்று எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அலறல் கேட்டது. அது கிரெய்க்கின் குரல். உயிரோடு இருக்கிறவன் குரல்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். டென்வரைப் பார்த்தேன், சொல்லவில்லை. கசிவு இருப்பது தெரிந்தே சாக்கெட்டை மாற்றினேன். கிரெய்க் சாக வேண்டும் என்றுதான் செய்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்குப் பார்த்து அவன் தூங்கித் தொலைத்தால் நான் என்ன செய்ய முடியும்?

நடீன் விஷயம் வேறு. அவள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. இறங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?