இழுத்துப் பார்க்காத முடிச்சு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உங்களுக்குத் தெரிந்திருக்காது. தினமும் வந்துபோகிறவர்கள் கண்ணில் இதெல்லாம் படாது. அந்தப் பழைய காகிதத்தைக் கொடுங்கள், நாலாக மடித்து அடியில் வைத்துவிடுகிறேன். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து பேச எனக்கு வராது.

என் வேலை அப்படி, சார். பத்தொன்பது வருடமாக லிஃப்ட் பரிசோதகன். இந்தக் கட்டடத்து லிஃப்ட்டில் ஒட்டியிருக்கும் அட்டையிலும் என் கையெழுத்துதான். கம்பிக் கயிற்றை விரலால் தடவிப் பார்க்காமல் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். செய்யட்டும். நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை.

நெட்டை விழுந்ததை விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள். பதினோரு மாதம் ஆகிறது. உங்கள் மேல் தப்பில்லை, நான் சொன்னதைத்தான் எழுதினீர்கள். அன்று நான் சொன்னதில் பொய் அதிகம் இல்லை. கொஞ்சம் விட்டுப்போயிருந்தது.

நெட்டை என் தங்கையின் புருஷன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஆறடி இரண்டு அங்குலம் இருப்பான், அதனால்தான் நெட்டை. தங்கையைக் கட்டுவதற்கு முன்பே எனக்குப் பாறையேறும் கூட்டாளி. அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து கல்யாணம் பேசி முடித்ததே நான்தான். தங்கைக்கு ஒன்பது வயதிலிருந்து அப்பா, அம்மா எல்லாம் நான்தானே. வேறு யாரிடம் நம்பிக் கொடுப்பேன்?

கல்யாணமானதும் என் வீட்டுக்கு நேர் மேல்மாடியிலேயே அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். ஒரு சாவி என்னிடம் இருந்தது, அவசரத்துக்கு. அவர்கள் வேலைக்குப் போனபிறகு மேலே போய் கேஸ் வால்வை மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். வந்திருக்கும் கடிதங்களைப் பிரித்து முக்கியமானதை மேலாக வைப்பேன். குழந்தை பிறந்தபிறகு தினமும் இரண்டு தடவை போனேன். இதையெல்லாம் யார் செய்வார்கள் இந்தக் காலத்தில்?

அந்தப் பள்ளத்தாக்கு நீங்களே வந்து பார்த்ததுதான். இரண்டு பக்கமும் செங்குத்தான கருங்கல், அடியில் ஆறு. நாங்கள் ஏறிய வழியில் யாரும் ஆணி அடித்து வைத்ததில்லை. முன்னால் ஏறுகிறவன் பாறைப் பிளவுகளில் ஆப்பு செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். பின்னால் வருகிறவன் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டே வர வேண்டும். மொத்தம் ஐந்து கட்டம். ஒருவன் ஏறும்போது மற்றவன் கீழே திட்டில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வான். நெட்டைதான் எப்போதும் முன்னால். "லிஃப்ட்டுக்காரனை முன்னால விட்டா பொத்தான் எங்கன்னு தேடிட்டு நிப்பான்" என்பான். பதினாறு வருடமாக அதே ஜோக். நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்துவிடுவேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இடுப்பு வாரில் கயிற்றைக் கட்டியவன் "பாரு" என்பான். மற்றவன் முடிச்சைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு "சரி" என்பான். அந்த "சரி" வராமல் ஒருவனும் காலைத் தூக்கக் கூடாது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்.

மூன்றாம் கட்டம் முடிகிற இடத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குத் திட்டு இருக்கிறது. அங்கே கயிற்றை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. சாப்பிட்டு முடித்து, நெட்டை திரும்பக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். கட்டிக்கொண்டே பேசினான்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. வேற ஊர்ல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் கிளம்புறோம்."

"யாரு முடிவு பண்ணது?" என்று கேட்டேன்.

அவன் கை நின்றது.

"அவதான்டா. ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கா. உன்கிட்ட சொல்லப் பயம் அவளுக்கு. நாமளே உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கற மாதிரி ஒரு வீடு வேணும்ங்கறா."

அவன் கயிற்றை விட்டுவிட்டு என் தோளில் கை போட்டான். "நீ லீவு விட்டா வந்துடு மச்சான். புள்ள உன்னத் தேடும்ல" என்றான். அப்புறம் ஆப்புகளை எடுத்து வரிசையாக இடுப்பில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"பாரு."

பார்த்தேன். கயிறு வாருக்குள் நுழைந்து, வந்த வழியே பாதிதான் திரும்பியிருந்தது. மீதி வால் சும்மா தொங்கியது. அந்த முடிச்சு கயிற்றின் எடையைத் தாங்கும், ஆளின் எடையைத் தாங்காது.

"சரி" என்றேன்.

நான் இழுத்துப் பார்க்கவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. என் மனசு நொந்துவிட்டதோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவன், சார். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அவன் ஏற நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தேன். நில்லு, முடிச்சு பாதிதான் இருக்கு என்று சொன்னால் போதும். ஏதாவது ஒரு ஆப்பில் தன்னை மாட்டிக்கொண்டு நிதானமாகக் கட்டியிருப்பான். சொல்லத்தான் நினைத்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் என்னைப்போல் கையாலாகாதவன் உலகத்திலேயே இருந்திருக்க மாட்டான், நம்புங்கள். ஒரு தடவை "மச்சான்" என்று கூப்பிட்டேவிட்டேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. பார்த்துப் போ."

அவன் லேசில் விழுகிறவன் இல்லை. மேலே போய்ச் சேர்ந்து முடிச்சைப் பார்த்திருந்தால் என்னைக் கண்டபடி திட்டியிருப்பான். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். அவனிடமே விட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அவன் விழவில்லை. உங்கள் கோப்பில் கை நழுவி விழுந்தான் என்று இருக்கிறது. அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பிளவு குறுகிவிடும். அங்கே நெஞ்சு உயரத்தில் நல்லதாக ஒரு ஆப்பு செருகி, கயிற்றை மாட்டிவிட்டுக் கூப்பிட்டான்.

"மச்சான், கை செத்துப்போச்சு. இறுக்கு, கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

கயிறு இறுகியது இடுப்பில் தெரியாமல் அவன் கையை விட மாட்டான். இறுக்காமல் இருந்திருக்கலாம். நான் இறுக்கினேன். மெதுவாக, அவன் இடுப்பில் பிடி தெரிகிற அளவுக்கு மட்டும். அதற்கு மேல் இழுத்தால் முடிச்சு அப்போதே நழுவியிருக்கும், அவனும் பார்த்திருப்பான்.

"பிடிச்சிட்டியா?"

"பிடிச்சாச்சு. உக்காரு."

உட்கார்ந்தான்.

அதன்பிறகு நாலு மணி நேரம் அந்தத் திட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன், மீட்புக்காரர்கள் வரும்வரை. அழுதேன். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. மேல் ஆப்பில் சிக்கியிருந்த கயிற்று நுனியில் மிச்ச முடிச்சைப் பார்த்துவிட்டு, அவன் கட்டி முடிக்க மறந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டீர்கள். நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டீர்கள். பார்த்தேன், சரியாகப் பார்க்கவில்லை போல என்றேன். "மனசத் தேத்திக்கங்க, மனுஷனுக்குத் தப்பு வர்றதுதான்" என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

தங்கையும் குழந்தையும் கீழே என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பதினோரு மாதம் எந்தக் குறையும் வைக்கவில்லை. அவளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டேன், கூட்டிவந்தேன். போனில் யார் பேசினாலும் நானே விசாரித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணா, அவரு போக இருந்த ஊர்லயே எனக்கும் வேலை கிடைச்சிருச்சு. சனிக்கிழமை கிளம்புறோம்."

"அங்க உன்னப் பார்த்துக்க யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்லண்ணா. அதனாலதான் போறேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பெட்டி கட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் இன்று இங்கே வந்தேன்.

எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். சரியாக இருக்கிறது. வழக்கு மறுபடி திறந்தால் அவளையும் விசாரிக்க வேண்டியிருக்கும் இல்லையா? விசாரணை முடிகிறவரை சாட்சி ஊரை விட்டுப் போகக் கூடாது என்பீர்களே, அந்தத் தாளை சனிக்கிழமைக்கு முன்னால் அவள் கையில் சேர்த்துவிடுங்கள். நீங்களே சொல்லிவிடுங்கள், சார். நான் சொன்னால் அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை.