தாய்ப்பெட்டி

டீ நன்றாக இருந்தது ஐயா. எந்தக் கடையிலிருந்து வாங்கிவரச் சொன்னீர்களோ, கூட்டமில்லாத கடையாகத்தான் இருக்கும். கூட்டம் நிற்கிற கடையில் டீ போடுகிறவனுக்கு டீயைப் பார்க்க நேரம் ஏது.

என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். கொம்பு, கால், புள்ளி எங்காவது விட்டுப்போயிருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் தலை நரைத்த பிறகு எழுத்துக் கற்றவன். குடோனில் கற்றேன், அட்டைப்பெட்டிகள்தான் வாத்தியார். முதலில் படித்த வாக்கியம் ‘இந்தப் பக்கம் மேலே’. அடுத்தது ‘உடையும் பொருள்’. அதற்கடுத்து ‘விற்பனையில் முதலிடம்’. அதைப் படித்த அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. லாரியிலிருந்து அப்போதுதான் இறக்குகிறோம். நேற்றுப் பிறந்த ஆட்டம், ஒரு பெட்டிகூடக் கடைக்குள் போகவில்லை. அதற்குள் யார் வாங்கி முதலிடம் கொடுத்தார்கள்? கூடச் சுமந்துகொண்டிருந்தவனிடம் கேட்டேன்.

“படிக்கக் கத்துக்கிட்டா இதான் தொல்லை. பேசாம தூக்குண்ணே,” என்றான்.

எங்களுடையது பொம்மையும் விளையாட்டுச் சாமானும் விற்கிற பெரிய கடை. அங்கே பெட்டி அடுக்குவது என் வேலை. நீங்கள் உள்ளே நுழைந்ததும் வாசலில் மலை மாதிரி ஒரு குவியல் தெரியுமே, அது என் கைவேலை. அந்த மலைக்குள் ஒன்றும் கிடையாது. வெளிச்சுற்று மட்டும்தான் பெட்டி, உள்ளே பொட்டல். நாங்கள் அதை ‘வயிறு’ என்போம். அடுக்கி முடித்ததும் மேல்வரிசையில் இரண்டு மூன்று பெட்டிகளை உருவிவிட வேண்டும். அதற்குப் பெயர் ‘பல் பிடுங்குவது’. முழுசாக இருக்கிற மலையை யாரும் தொடமாட்டார்கள். பல் விழுந்த மலையைப் பார்த்தால், அடடா, நமக்கு முன்னால் நாலு பேர் எடுத்துவிட்டார்களே என்று கை தானாக நீளும். இன்னொன்றும் உண்டு. சுவர்ப் பக்கத்து மூலையில், தரையை ஒட்டி, மொத்தப் பாரத்தையும் தாங்குகிற பெட்டி ஒன்று இருக்கும். அது தாய்ப்பெட்டி. அதில் மட்டும் கை வைக்கக் கூடாது. வாங்க வருகிறவர்களுக்குக் கை எட்டாத இடமாகப் பார்த்துத்தான் வைப்போம்.

இதெல்லாம் ஆரம்பித்த வருஷம் மலையில் இருந்தது ‘குட்டு வாங்கும் குரங்கு’. பிளாஸ்டிக் குரங்கு. தலையில் குட்டினால் கத்தும். மறுபடி குட்டினால் மறுபடி கத்தும். ஆட்டம் அவ்வளவுதான். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் மேனேஜருக்கு அந்தக் குரங்கின் மேல் சொந்தப் பிள்ளையைவிடப் பாசம்.

என் மனைவியின் தம்பி மரவேலைக்காரன். எல்லோரும் அவனை உளி என்றுதான் கூப்பிடுவோம். அவன் ஒரு ஆட்டம் செய்திருந்தான், பெயர் ‘கரை’. பலகையில் ஓர் ஆறு, ஆளுக்கு நாலு படகு. எதிராளியின் காய் ஒன்றையாவது உங்கள் படகில் ஏற்றிக்கொள்ளாமல் கரை சேர முடியாது. யாரை ஏற்றுவது, எங்கே இறக்கிவிட்டு ஏமாற்றுவது என்பதில்தான் சூடு. எங்கள் வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்துபோனதுகூடத் தெரியாமல் ஆடுவார்கள். என் மாமனார் சிரித்து நான் பார்த்தது அந்தப் பலகைக்கு முன்னால் மட்டும்தான். நான் அதில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அடுத்தவனை என் படகில் ஏற்றிச் சுமப்பானேன் என்று எனக்குத் தோன்றும். நாள் முழுக்கச் சுமக்கிறவனுக்கு விளையாட்டிலுமா சுமை? ஆனாலும் நல்ல ஆட்டம். அதை நான் மறுக்கவில்லை.

மேனேஜர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அதைக் கடைக்குள் நுழைத்தது நான்தான். அவர் அதைக் கழிவறைக்குப் போகிற வழியில், கீழ்த்தட்டில் வைத்தார். அவசரமாகப் போகிறவன் குனிந்து பார்ப்பானா? ஒன்றுகூடப் போகவில்லை.

“விக்கலேன்னா நல்லா இல்லேன்னு அர்த்தம்யா,” என்றார் மேனேஜர். “ஜனங்க என்ன முட்டாளா?”

நான் குரங்கை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எரிச்சல் அவர் மேல் இல்லை. உளி அதை நம்பினான், அதுதான் எரிச்சல். இளைத்துப்போனான். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, போட்ட சோற்றைத் தொடாமல், “நல்லா இருந்திருந்தா வித்திருக்குமே மாமா. எல்லாத்தையும் விறகாக்கிடலாம்னு இருக்கேன்,” என்றான். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான்தான் அவன் ஆட்டத்தைத் தின்று ஏப்பம் விட்ட மாதிரி.

மேனேஜர் லீவில் போன வாரம் குரங்கைத் தூக்கிக் கழிவறை வழியில் போட்டேன். வாசலில் ‘கரை’யை மலையாக அடுக்கினேன். வயிறு விட்டேன், பல் பிடுங்கினேன். ‘விற்பனையில் முதலிடம்’ என்று நானே அட்டையில் எழுதிச் செருகினேன். நான் சொந்தமாக எழுதிய முதல் வாக்கியம் அதுதான் ஐயா. பொய்தான், ஆனால் எழுத்துப் பிழை இல்லை.

மேனேஜர் திரும்பி வந்தபோது ‘கரை’ பறந்துகொண்டிருந்தது. குரங்கை யாரும் சீண்டவில்லை. அவர் கொஞ்சமும் வெட்கப்படாமல், “நான் அப்பவே சொல்லலை? தரம்யா, தரம்,” என்றார்.

அது போகட்டும், மேனேஜர் என்றால் அப்படித்தான். உளியும் அதையே சொன்னான். மலை உச்சியில் வைக்கத் தேக்கில் பெரிய படகு ஒன்று செதுக்கிக் கொண்டுவந்தான், இரண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். கீழே நின்று அண்ணாந்து பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “பாத்தீங்களா மாமா, நல்ல பொருள்னா தானா விக்கும்,” என்றான். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அவர்களிடமும் அதே ‘தானா’. நான் பக்கத்தில்தான் பெட்டியோடு நின்றேன். படம் எடுத்தவர், “கொஞ்சம் நகருங்க பெரியவரே, மறைக்குது,” என்றார். நகர்ந்தேன்.

தானாக விற்குமாம்.

அப்புறம் விற்கிற வேகத்துக்கு உளியால் செய்து கொடுக்க முடியவில்லை. மலை குறையக் கூடாது என்பதால் வெறும் பெட்டிகளிலும் கனத்துக்கு எதையாவது போட்டு அடுக்குவது எங்கள் வழக்கம். கடைக் கழிவறையில் பழைய டைல்ஸைப் பெயர்த்து மூட்டை மூட்டையாகப் பின்னால் போட்டிருந்தார்கள். அதைப் போட்டு ஒட்டினேன். ஒருநாள் அவசரத்தில் அப்படி ஒரு பெட்டி விற்றுப்போய்விட்டது. வேலை போச்சு என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. இன்னொன்றை நானே எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் தினமும் கொடுத்தேன். ஒரு அம்மா மட்டும் திரும்பி வந்தார், பெட்டியின் ஓரம் நசுங்கியிருக்கிறது, பரிசாகக் கொடுக்க வேண்டும், வேறு மாற்றித் தாருங்கள் என்று. திறக்கவே இல்லை. மாற்றி இன்னொரு டைல்ஸ் கொடுத்தேன். ஒருவர் போன் செய்து, இது பெரியவர்களுக்கான ஆட்டம் போலிருக்கிறது, துண்டுகளை எப்படிச் சேர்ப்பது என்றே பிடிபடவில்லை, ஆனால் மூளைக்கு நல்ல வேலை என்றார். நன்றி சொல்லி வைத்தேன்.

இதை உளியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேராக அவன் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன்.

“மாப்ளே, உன் ஆட்டத்தை எடுத்துட்டேன். உள்ள கக்கூஸ் டைல்ஸ்தான் இருக்கு. இன்னும் அதே மாதிரி போகுது.”

சிரித்தான். “என்ன மாமா, பொழுது சாயறதுக்குள்ள ஊத்திக்கிட்டீங்களா?”

“வந்து பாரு.”

“பெட்டி தூக்கறவரு நீங்க. தூக்கறதைத் தூக்குங்க. ஆட்டத்தைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னான். இழைப்புளியைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னான்.

ஆனால் மறுநாள் வந்தான். விடுமுறை நாள், கடையில் கால் வைக்க இடமில்லை. மேல்வரிசையில் ஒன்றை எடுத்துப் பிரித்தான். பலகை, படகு, காய் எல்லாம் சரியாக இருந்தன. மேல்வரிசையில் நல்லதைத்தானே வைப்போம். முகம் மலர்ந்துவிட்டது.

“எங்க மாமா உங்க டைல்ஸ்?”

“மேல இருக்கறது உன் சரக்கு. என் சரக்கு அடியில இருக்கு.”

“அடியிலன்னா?”

“அந்த மூலையில. சுவர்ப் பக்கம். தரையோட ஒட்டி இருக்கு பாரு, அது.”

குனிந்தான். மலைக்கு அந்தப் பக்கம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். “அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுங்க,” என்று அவரைக் கைகாட்டி நகர்த்தினேன். நானும் தள்ளி நின்றேன். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலையில் நான் எப்போதும் கவனமானவன்.

தாய்ப்பெட்டி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அவன் காலை ஊன்றி இழுத்தான். அவனும் உழைக்கிற கைதானே, வந்துவிட்டது. முதலில் டைல்ஸ் எல்லாம் சரிந்தது. கடைசியாகத் தேக்குப் படகு வந்தது.

சத்தம் அடங்கியதும் ஜனங்கள் ஓடிவந்தார்கள். அவனைத் தூக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். முன்னால் வந்தவர்களில் யாரோ, “தள்ளுபடியாம், கொட்டிவிட்டிருக்காங்க,” என்றார். அள்ள ஆரம்பித்தார்கள். அவனுடைய கால் ஒரு பெட்டியின் மேல் கிடந்தது. ஒருவர் காலை மெதுவாக எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். நாகரிகமானவர். நான் போய்ச் சேர்ந்தபோது உளி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். அவன் கையில் ஒரு வெள்ளை டைல்ஸ் துண்டு இருந்தது. பார்த்தானா, புரிந்ததா, என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பார்த்திருந்தால் நல்லது.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பெட்டி தூக்குகிறவனை என்ன கேட்பது? என் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள், நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அதோடு விட்டிருப்பேன் ஐயா. விட்டிருப்பேன். நேற்றுக் கடையில் அவனுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தன் ஆட்டத்தின் அடியிலேயே உயிர்விட்ட கலைஞன் என்று வாசலில் அவன் படம். அதற்குக் கீழே புது மலை, யாரோ கற்றுக்குட்டி அடுக்கியது, பல்கூடச் சரியாகப் பிடுங்கவில்லை. மேனேஜர் மைக்கைப் பிடித்து, நல்ல படைப்பு தன் வழியைத் தானே கண்டுபிடிக்கும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள்.

அதனால்தான் நானாக இங்கே வந்தேன். எந்தப் பெட்டியை இழுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் அவனுக்குக் கைகாட்டினேன். கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ‘தானாக’ என்று மட்டும் எந்த இடத்திலும் எழுதிவிடாதீர்கள். குரங்கு நான் அடுக்கியது. ‘கரை’ நான் அடுக்கியது. டைல்ஸும் நான் அடுக்கியதுதான். மூன்றையும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். என் கையில் ஏதோ ஒரு தரம் இருக்கிறது ஐயா. இல்லாமலா இத்தனை பேர் வாங்குவார்கள்? ஜனங்கள் என்ன முட்டாளா?