பஸ்ஸில் வந்த கதவு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, கேட்டதும் பாதி மறந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். சோமனூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பழைய பிக்கப் வண்டியின் கதவை மடியில் வைத்திருந்தார்கள்.

“கதவுக்கும் டிக்கெட் எடுக்கோணுமுங்க. ரெண்டு பேரு எடத்தைப் புடிச்சிருக்குது,” என்றார் கண்டக்டர்.

கணவர் எடுத்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏனுங்க, அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னா, கதவு வாங்கறீங்க.”

“இஞ்சின் ஓடுதே அம்மணி. பெயிண்ட்டும் நானே அடிச்சுப்போட்டேன். மொத ஓட்டம் சென்னிமலைக் கோயிலுக்கு. நீ வரோணும்.”

“ரெண்டு பக்கமும் கதவில்லாத வண்டியில ஏறமாட்டேன்னு சொன்னனுங்களே. வாங்குனதோ ஒண்ணுதான்.”

“ஒண்ணுக்குத்தான் காசு இருந்துச்சு. இது நீ உக்கார்ற பக்கம்.”

“அப்ப ஓட்டற பக்கம்?”

“நான் ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்குவேன். நீ எதைப் புடிப்பே?”

அந்த அம்மா கதவில் கண்ணாடி ஏற்றும் பிடியைச் சுற்றினார். கண்ணாடி பாதி ஏறி நின்றுவிட்டது.

“இதுக்கு எண்ணெய் உடுங்க. போற வழியில எதிர்காத்து எனக்கு ஆகாது.”

அது இடது பக்கக் கதவு என்றுதான் நினைவு. பழைய பிக்கப்பில் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்றுவார்களா என்று வண்டி தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.