பச்சை கவுன்காரி

— வண்டிய ஓரமா நிறுத்து, வெர்லன். யாரு அவ?

— எவ?

— இப்ப சர்ச்சுல நீ பாடின பாட்டுல, பஸ் ஸ்டாண்டுல பெட்டியோட உக்காந்திருந்தாளே, பச்சை கவுன்காரி. சர்ச் கூடமே திரும்பி என்னைப் பாத்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த ஆர்டித் என் கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்றா, என்னமோ நீ செத்துப்போயிட்ட மாதிரி!

— அட விடு, ஓலி. பாட்டுன்னா ஆயிரம் வரும்.

— வரட்டும். "திரும்பிப் பாக்குறேன் என் ஆயுசை"ன்னு கிட்டாரை மடியில வச்சு ஆரம்பிச்ச. சுரங்கம் வந்துச்சு. உங்கப்பா இருமல் வந்துச்சு. செத்துப்போன கோவேறு கழுதைகூட வந்துச்சு. இத்தனை வருஷம் உனக்கு சோளரொட்டி சுட்டுப் போட்டவ எங்க? அதான் கேக்குறேன்.

— நீயும் இருக்க அதுல.

— எங்க? கழுதைக்குப் பின்னாடியா? ரோனோக் போற பஸ்ஸுன்னு பாடினியே, ரோனோக்ல உனக்கு யாரு இருக்கா?

— யாருமில்ல. சந்தத்துக்கு வச்சேன்.

— செவப்பு முடி?

— அதுவும் சந்தத்துக்குத்தான்.

— ரொம்ப வசதியான சந்தம்! சுரங்கத்தை மூடின வருஷம், வேலை தேடுறேன்னு கென்டக்கி பூரா சுத்தினியே, அப்பதானே? அதான் கேக்குறேன், அப்பதானே?

— அந்த வருஷம்தான்.

— ஆங்! வந்துச்சு பாரு வாயில. அழகா இருந்தாளா?

— அழகாத்தான் இருந்தா. சர்ச்சுக்குப் போடுற நல்ல கவுனா போட்டுக்கிட்டுப் போயிருந்தா. ஆனா அது பச்சையில்ல. நீலம்.

— ...என்ன நீலம்?

— அக்கா வீட்டுக்குப் போறேன்னுட்டு நீ போன. மத்தியானம் உங்கக்காவே நம்ம வாசல்ல வந்து நின்னு, "ஓலி எங்க"ன்னு கேட்டா.

— வெர்லன்...

— விழுந்தடிச்சு ஹாசர்ட் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெஞ்சு காலி. பஸ் இப்பதான் போச்சுன்னான் டிக்கெட்காரன். நீலக் கவுன்ல ஒரு அம்மா பெட்டியோட ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்கன்னும் சொன்னான். வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில அப்படியே உக்காந்துட்டேன். பொழுது சாயறப்ப நீ உள்ள வந்த. உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பிச்ச.

— நீ ஒரு வார்த்தை கேக்கலியே.

— கேட்டா நீ பதில் சொல்லிடுவியே.

— அப்ப அந்தக் கடைசி அடி... "அவ தவறவிட்ட பஸ்ஸுல எனக்கொரு ஆயுசு கிடைச்சது"ன்னு பாடினியே?

— பின்ன? பஸ்ஸை விட்டுட்ட, வேற போக்கில்லாம வந்துட்டன்னுதான் இன்னிவரைக்கும் நினைச்சிட்டிருக்கேன். நீ கடைக்குக் கிளம்பினாக்கூட, பீரோ மேல பெட்டி இருக்கான்னு எட்டிப் பாப்பேன்.

— பைத்தியக்கார மனுஷா. நான் எந்த பஸ்ஸையும் விடல. ஏறிட்டேன். பாலத்துமேல உன் டிரக் எதிர்ல வந்துச்சு. அந்தக் குளிர்காலம் பூரா எங்கிட்ட வாயே திறக்காதவன், சின்னப்புள்ள மாதிரி தேம்பி அழுதுக்கிட்டே ஓட்டிட்டுப் போன. அடுத்த நிறுத்தத்துல இறங்கினேன், வெர்லன். அங்கேருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.