மொய்ப் பணத்துல ஒரு கணக்குப் படிப்பு

புள்ளைகளை எந்தக் காலேஜுல சேக்குறதுன்னு பேச்சு நீண்டுக்கிட்டே போகுது, ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. அங்க பின்னாடி தூண்ல சாஞ்சுக்கிட்டு போன் பேசுற அண்ணே... உங்களுக்கும்தான். உங்க பொண்ணும் பன்னெண்டாவது முடிச்சிருக்குல்ல? அப்ப போனை உள்ள வைங்க.

நம்ம பேராவூரணிப் பக்கம் அடைக்கலம்னு ஒருத்தர். தேங்கா ஏத்துற டெம்போ ஓட்டுறாரு. அவருக்கு ஒரே மக, சிவரஞ்சனி. கணக்குன்னா சோறு தண்ணி வேணாம் அந்தப் புள்ளைக்கு. "அப்பா, நான் கணக்குதான் படிப்பேன்"னு நின்னுச்சு.

உடனே தாய்மாமன் பன்னீரு குதிக்கிறாரு. "கணக்கு படிச்சு என்னத்த கிழிக்கிறது? டியூசன்தான் எடுக்கணும்!" அடைக்கலத்துக்கு ரோசம் வந்துருச்சு. "என் மக கேட்டதத்தான் படிப்பா. அதுவும் பெரிய காலேஜுல படிப்பா!"

திருச்சி ரோட்டுல ஒரு தனியார் காலேஜு. கண்ணாடிக் கட்டடம், ஏசி பஸ்ஸு. அஞ்சு வருசப் படிப்பு, வருசத்துக்கு ஒண்ணரை லட்சம். புள்ள சொல்லுது, "அப்பா, புதுக்கோட்டை அரசுக் கல்லூரியிலயும் இதே கணக்கு இருக்குப்பா." அவரு கேக்கல. "அங்க படிச்சா எவன் மதிப்பான்? இங்க படிச்சா எடுத்த எடுப்புலயே பெரிய சம்பளமாம், காலேஜு ஆபீசுல சொன்னாங்க!" சொன்னாங்களாம்... யாருக்குக் கிடைச்சுதுன்னு கேட்டாரா? கேக்கல!

சரி, பணத்துக்கு? பேங்குக்குப் போவோமான்னா மீசையை முறுக்குறாரு. "எங்க வம்சத்துலயே கடன் வாங்குனவன் கிடையாது. ஆடி பொறக்கட்டும், மொய் விருந்து போட்டுருவோம். ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போட்டா ஆளாளுக்கு மொய் வைப்பாங்க!"

ஏன் சிரிக்கிறீங்க? நாம செய்யாததா?

பந்தல் போட்டாச்சு. கெடா வெட்டியாச்சு. மைக்குல பாட்டு காதைப் பொளக்குது. "நம்ம வீட்டுக் கணக்குப் புலி"ன்னு மகளையே மொய் வாங்குற மேசையில உக்கார வச்சாங்க. முதல்ல ஒரு பெரியப்பா வர்றாரு. பணத்தை நீட்டுறாரு, கூடவே சிரிக்கிறாரு. "நல்லாப் படி தாயி! வர்ற ஆடியில நம்ம வீட்டு விருந்து... அப்பாகிட்ட சொல்லி வையி."

அடுத்து ஒரு அத்தை. "தையில பேத்திக்குக் காதுகுத்துடி. உங்கப்பா மறந்துறப் போறாரு!"

அதுக்கடுத்தவரு... "வீடு கட்டிக்கிட்டிருக்கேன் பாப்பா. குடி போறப்ப பாத்துக்கலாம்."

யாரும் தப்பாச் சொல்லல. எல்லாருக்கும் புள்ள மேல பாசம்தான். ஆனா அந்தப் புள்ள மனசுக்குள்ளயே கணக்குப் போட ஆரம்பிச்சிருச்சு. வர்ற ஆடியில நான் ரெண்டாம் வருசம்... அதுக்கடுத்த ஆடியில மூணாம் வருசம்... சம்பளம் எங்கேயோ தூரத்துல நிக்குது. மொய்யி வாசல்ல வந்து நிக்குது. அவங்கவங்க விசேசத்துல வாங்குனதுக்கு மேல கூட்டி வேற செய்யணும்! அப்பா என்ன பண்ணுவாரு? டெம்போவ விப்பாரு. அதை வித்துட்டா சோத்துக்கு?

பக்கத்துல நின்ன சொந்தக்கார அக்கா ஒருத்தியை மேசையில உக்கார வச்சுட்டு எந்திரிச்சு ஓடுது. கறிச்சட்டி பக்கத்துல நின்ன அப்பன் கையைப் பிடிச்சுது.

"அப்பா, நான் சம்பாதிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாரும் திருப்பிக் கேட்பாங்கப்பா. இது கடன்தான்."

"ஏய்! சபையில வச்சு மானத்த வாங்காத. இது மொய்யி!"

"திருப்பிக் குடுக்கலன்னா நாளைக்கு இதே சபையில தலை நிமிந்து நடப்பீங்களாப்பா?"

மனுசன் கறிக் கரண்டியைச் சட்டியிலயே போட்டுட்டு மக பக்கம் திரும்புறாரு.

"பணத்தைத் தொட வேணாம்ப்பா. பேங்குல கிடக்கட்டும். அவங்கவங்க விசேசத்துக்கு அப்படியே செஞ்சிருவோம். நான் புதுக்கோட்டையில அதே கணக்கைப் படிக்கிறேன்."

அடைக்கலம் கண்ணு கலங்கிப் போயி கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி... "அப்ப இந்தக் கறிச் செலவு, பந்தல் செலவு எல்லாம்?"

"அது போனது போனதுதாம்ப்பா. டெம்போவாவது மிஞ்சட்டும்."

இப்ப அந்தப் புள்ள புதுக்கோட்டைக்கு கவர்மெண்டு பஸ்ஸுல நின்னுக்கிட்டே போயிட்டு வருது. நாளைக்கு வேலை கிடைக்குமா? தெரியாது! பன்னீர் மாமன் சொன்ன மாதிரி டியூசன்தானா? அதுவும் தெரியாது! ஆனா ஒண்ணு... வேலை கிடைக்க ஒரு வருசம் தாமதமானா, அந்த வீடு தாங்கும். ஆடி பொறந்தா அந்த அப்பன் ஒளிஞ்சுக்க வேண்டியதில்ல.

கணக்கு படிக்காதேன்னு நான் சொல்ல வரல. படி தாயி, ஆசைப்பட்டதைப் படி! சம்பளம் எவ்வளவுன்னும் கேளு. பெத்தவங்களே, நீங்களும் கேளுங்க. ஆனா நாம எல்லாரும் எவ்வளவு, எவ்வளவுன்னுதான் கேக்குறோம்... எப்பன்னு கேக்குறோமா? சம்பளம் எப்ப வரும்? கடன்காரன் எப்ப வருவான்? பேங்குக் கடனா இருந்தாலும் சரி, நகையை வச்சு வாங்குனதா இருந்தாலும் சரி, சிரிச்சுக்கிட்டே குடுத்த மொய்யா இருந்தாலும் சரி.

நாளைக்கு காலேஜு வாசல்ல கையெழுத்துப் போடப் போறீங்கள்ல? பேனாவைத் தொறக்குறதுக்கு முன்னாடி, தூண்ல சாஞ்சிருக்குற அண்ணே, இதை மட்டும் கேட்டுக்குங்க... குடுத்தவன் திருப்பிக் கேட்டு உங்க வாசல்ல வந்து நிக்கிற அன்னிக்கு, உங்க புள்ள எத்தனாவது வருசம் படிச்சுக்கிட்டிருக்கும்?