கொடி பறந்த எட்டடி

கையில் கத்தரியும் நெஞ்சில் கனிவும் ஏந்திய கலைஞரே! ஒளிக்குப் பின்னே நின்று ஊரை மகிழ்வித்த உத்தமரே! ஊமைப்படக் காலந்தொட்டு இருபத்தோராண்டு அம்பத்தூர் பூங்காவனம் டூரிங் டாக்கீஸின் ஆபரேட்டராக விளங்கி, இன்று ஓய்வு பெறும் ராயப்பன் ஐயா அவர்களே! அமர்க, எங்கள் அன்பைச் செவிமடுத்தருள்க!

கொரட்டூர்க்காரருக்கும் ஆவடிக்காரருக்கும் கடைசி ரயில் தவறாதபடி பாட்டுகளைக் குறைத்தீர்கள். படப் பிரதி பட்டணம் திரும்புமுன் வெட்டியதைப் பழுதின்றி ஒட்டினீர்கள். தாங்கள் வெட்டிய இடத்தில் கதை விக்கியதில்லை. காணாமற்போன மூன்றாம் பாட்டைத் தேடிப் பாடி ரசிகர் ஒருவர் கேபின்வரை வந்ததை இங்கே விவரியோம்.

விலக்கிய துண்டுக்குச் சிவப்பு நூல், ஒட்டவேண்டிய துண்டுக்குப் பச்சை நூல் என்பது தங்கள் முறை. 1943இல் சர்க்கார் உத்தரவுப்படி ஒரு படத்தின் கொடி ஊர்வலக் காட்சியை எட்டடி வெட்டிச் சிவப்பு நூல் கட்டினீர்கள். அன்றே யுத்தச் செய்திப் படமும் அறுந்தது. பச்சை நூல் கட்டிய அதன் துண்டுக்குப் பதிலாகக் கொடித் துண்டை எடுத்து ஒட்டிவிட்டார் துணை ஆபரேட்டர் வேம்புலி. திரையில் வெள்ளைக்காரத் துரை விறைப்பாகச் சல்யூட் அடித்தார்; அடுத்த கணம் நம் கொடி பறந்தது! கொட்டகையே எழுந்து கைதட்டியது.

"யார் ஒட்டியது?" என்று அதிகாரி கேபினுக்குள் உறுமினார். "நான்தான் ஒட்டிட்டேன் தொரே. அவனுக்கு இன்னா தெரியும், உட்டுடுங்கோ" என்றீர்கள். ஆறு மாதம் லைசென்ஸை இழந்து, தெருத்தெருவாய் நோட்டீஸ் ஒட்டினீர்கள்.

இதை எழுதி வாசிக்கும் நான்தான் அந்த வேம்புலி. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தெரியும். வெளியே தெரிந்தால் வேலை போகும் என்று மறைத்திருந்தேன். தாங்கள் அன்றே கண்டுகொண்டீர்கள், ஒருவரிடமும் சொல்லவில்லை. லைசென்ஸ் திரும்பிய மறுநாளே நிறத்தை விட்டுவிட்டு, விலக்கியதற்கு இரண்டு முடிச்சு, ஒட்டவேண்டியதற்கு ஒரு முடிச்சு என்று முறையை மாற்றினீர்கள். என் குடும்பம் அந்த முடிச்சில்தான் பிழைத்தது.

அதிகாரி கொளுத்தச் சொன்ன கொடித் துண்டுக்குப் பதில் சோப்பு விளம்பரம் எரிந்த கதையையும் அறிவோம்!

தங்கள் துணைவியார் செலின் அம்மையாருடன் நோயின்றி நூறாண்டு வாழ்க! அதே கொடி ஊர்வலப் படம், அதே பிரதி, வரும் ஆகஸ்டு பதினைந்தன்று நம் கொட்டகைக்கு வருகிறது. தங்கள் பெட்டியில் கிடைத்த அந்த எட்டடியை இம்மடலுடன் தங்கள் கையிலேயே தருகிறோம். முறை மாறியபின் தாங்கள் அதற்கு இட்ட இரண்டு முடிச்சில் ஒன்றை அவிழ்த்துவிட்டோம்.

அம்பத்தூர், 27-7-1947
தங்கள் கைப்பக்குவம் கண்டு வளர்ந்த
பூங்காவனம் டூரிங் டாக்கீஸ் ஊழியர்கள்